இழுத்த எஸ்ஸும் கவிழ்ந்த முக்கோணமும்

தில்லைநாதன் மாஸ்ரரின் வலது கண்ணில் நெல்லுக்கூர் குத்தியது 1961ஆம் ஆண்டு மாசி மாதக் கடைசியில். வட்டக்கச்சியில் மாமனாருக்குக் கிடைத்த காணியில் சூடு மிதித்து நெல்லுத் தூற்றிக்கொண்டிருந்தார்கள். காற்று சட்டென்று திசை மாறியது. மாஸ்ரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார். வேலை முடியட்டும் என்று திரும்பி வந்து மறுபடியும் சுளகைப் பிடித்தார். நாலாம் நாள் கண் திறக்க முடியாமல் வீங்கி, வலியில் அவர் சுவரோடு தலையை முட்டிக்கொண்டபோதுதான் மனைவி விமலேஸ்வரி பிடிவாதமாக அவரை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கருவிழியில் புண் என்றார் டாக்குத்தர். இரண்டு கிழமை ஆஸ்பத்திரி வாட்டில் வைத்திருந்து, பிறகு இரண்டு கண்களையும் கட்டி வீட்டுக்கு அனுப்பினார். இன்னும் ஆறு கிழமைக்குக் கட்டு அவிழ்க்கக் கூடாது. இடது கண் சின்ன வயதிலிருந்தே மங்கல். அவர் படித்தது, படிப்பித்தது எல்லாம் அந்த ஒரு வலது கண்ணால்தான்.

மாஸ்ரர் கிளிநொச்சியில் கணிதம் படிப்பித்தார். லண்டன் வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்குத் தானாகவே படித்து, போன வருடம் எழுதி, ஒரு பாடத்தில் தவறிவிட்டார். அந்தத் தோல்வி அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. தொகையீட்டுத் தேற்றங்களை ஒப்பிடுக என்று ஒரு கேள்வி. அவர் ஒவ்வொன்றையும் மனப்பாடமாக ஒன்றன் கீழ் ஒன்றாக நிறுவிக்கொண்டு போனார். மணியும் அடித்துவிட்டது. ஒப்பிடவே இல்லை. இந்த ஆனியில் மறுபடியும் எழுதுவதற்குப் பதிந்திருந்தார்.

வீட்டுக்கு வந்த அன்றே சொன்னார். "புத்தகங்களைக் கட்டி அலுமாரிக்கு மேல வைச்சுவிடும். இந்த முறை சரிவராது."

விமலேஸ்வரி கட்டி வைக்கவில்லை. மத்தியானச் சமையலை முடித்து, குசினியைக் கூட்டிவிட்டு, தடித்த பச்சை மட்டைப் புத்தகத்தோடு அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்தாள். "எந்தப் பக்கம் எடுக்கிறது எண்டு சொல்லுங்கோ."

"உமக்கு விளங்காது, விமலா."

"எனக்கு விளங்கத் தேவையில்லை. நான் வாசிக்கிறன். உங்களுக்கு விளங்கினாப் போதும்."

அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். இங்கிலீசு எழுத்துக்கள் தெரியும், வசனங்களைத் தடக்கித் தடக்கி வாசிப்பாள். ஆனால் அந்தப் பக்கங்களில் வசனத்தைவிட வேறு ஏதோதான் அதிகமாக இருந்தது.

"முதல்ல ஒரு எழுத்துக் கிடக்கு. எஸ் மாதிரி. ஆனா ஆரோ மேலயும் கீழயும் பிடிச்சு இழுத்து விட்ட மாதிரி."

"அதுதான் தொகையீடு. துண்டு துண்டா எடுத்து எல்லாத்தையும் கூட்டு எண்டு கருத்து."

"அதின்ர நடு வயித்தில ஒரு வளையம் போட்டிருக்கு."

"அப்ப, சுத்தி வந்து துடங்கின இடத்திலயே முடியிற பாதையில கூட்டு எண்டு கருத்து."

"பிறகு ஒரு முக்கோணம். கவிட்டு வைச்சிருக்கு, கூர் கீழுக்கு."

அவர் கட்டுக்குக் கீழே மெல்லச் சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு சிரித்தது அதுதான் முதல் தடவை. "அதுக்கு ஒரு பேர் இருக்கு. நீர் முக்கோணம் எண்டே சொல்லும். ஒரு இடத்துக்கு இடம் என்ன மாறுது எண்டு பாக்கிற குறி அது."

அப்படித்தான் அவர்களுக்கு ஒரு பாஷை உண்டானது. இழுத்த எஸ். வளையம் போட்ட எஸ். கவிழ்ந்த முக்கோணம். வளைந்த 'டி' ஒன்று அடிக்கடி வந்தது, அதற்கு அவள் குனிஞ்ச டி என்று பெயர் வைத்தாள். அவள் சொல்லச் சொல்ல அவர் மனதுக்குள் எழுதிக்கொண்டார். சந்தேகம் வந்தால் "கோட்டுக்கு மேலயோ கீழயோ?" என்று கேட்பார். அவள் விரலால் அவருடைய உள்ளங்கையில் வரைந்து காட்டுவாள்.

கலியாணம் முடித்து நாலு வருடம். அதுவரை அவர்கள் பேசியதெல்லாம் அரிசி, உப்பு, வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, தோய்த்த வேட்டி காய்ந்ததா என்பதுதான். பள்ளிக்கூடத்தால் வந்ததும் அவர் புத்தகத்துக்குள் புகுந்துவிடுவார். அவரோடு கோபம் என்றும் சொல்ல முடியாது. அவர் போகிற அந்த இடத்துக்குத் தனக்கு வழியில்லை என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது அந்த இடத்துக்கு அவள்தான் அவரைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். தான் எங்கே நடக்கிறோம் என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது கிழமை, அச்செழுத்துச் சின்னதாக இருந்ததால் தடக்குப்படுகிறது என்று, அதுவரை வாசித்த நாலு தொகையீட்டுத் தேற்றங்களையும் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் பெரிதாக எழுதிக்கொண்டாள். ஒன்றன் கீழ் ஒன்றாக, சமன் அடையாளங்கள் நேராக வரும்படி. எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இஞ்சாருங்கோ. ஒண்டு கேட்டா ஏசமாட்டியளே?"

"கேளும்."

"இந்த நாலிலயும் முக்கோணம் எந்தப் பக்கம் நிக்குதோ, அந்தப் பக்கம் எஸ் ஒண்டு கூட. முக்கோணம் இல்லாத பக்கத்தில எஸ் ஒண்டு குறைவு. ஏன் அப்படி?"

கதிரையின் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த மாஸ்ரரின் விரல்கள் நின்றன. "திரும்பச் சொல்லும். மெல்லச் சொல்லும்."

"முதலாவதில இந்தப் பக்கம் முக்கோணத்தோட ஒரு எஸ். அங்கால எஸ்ஸே இல்லை, சும்மா ஒண்டில இருந்து ஒண்டைக் கழிச்சிருக்கு. நடுவில ரெண்டுக்கும் ஒரு பக்கம் ரெண்டு எஸ், மற்றப் பக்கம் ஒண்டு. கடைசியில மூண்டும் ரெண்டும்."

"ரெண்டாவது கிறீன்ர தேற்றம். அதில முக்கோணம் இல்லையே."

"இல்லை. ரெண்டு குனிஞ்ச டி கிடக்கு. முக்கோணமே குனிஞ்ச டியளால செய்ததுதான் எண்டு போன கிழமை நீங்கள்தானே சொன்னீங்கள்?"

அவர் தலையைக் கதிரையில் சாய்த்துக்கொண்டார். ஏதோ முட்டாள்தனமாகக் கேட்டுவிட்டோம் என்று அவள் தாளை மடிக்கப் போனாள். அப்போது அவர் கை காற்றில் அவளைத் தேடியது. தோளைத் தொட்டு, கையைக் கண்டுபிடித்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"பத்து வருசமாப் படிக்கிறன், விமலா. கிறீன் ஒரு அதிகாரத்தில, ஸ்ரோக்ஸ் ஒரு அதிகாரத்தில, கௌஸ் இன்னொரு அதிகாரத்தில. முதலாவதை நான் இந்தக் கூட்டத்தில சேர்க்கவே இல்லை, அது சின்னப் பிள்ளையளின்ர கணக்கு எண்டு விட்டிட்டன். நாலும் ஒரே கதை எண்டு எனக்குத் தெரியேல்லை. ஒரு வகையீட்டை, உம்மட முக்கோணத்தை, விட்டா ஒரு தொகையீடு குறையும். நாலிலயும் அதுதான்."

"அப்ப நான் கேட்டது பிழையில்லையோ?"

"பிழையோ? போன முறை கேட்டவங்களுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழி இதுதான்."

அடுத்த நாள் காலை, வயலுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். கட்டோடு அவர் வீட்டுப் படலையைத் தாண்டியது அன்றுதான். அறுவடை முடிந்து அரிதாள் மட்டும் நின்ற வயலின் வரம்பில் அவள் முன்னே நடக்க, அவளுடைய தோளில் கைவைத்து அவர் பின்னே நடந்தார். நடந்துகொண்டே சொன்னார்.

"ஒரு ஒழுங்கைக்கு விளிம்பு எது? ரெண்டு முனையும். வழியில எவ்வளவு ஏறினம் இறங்கினம் எண்டதை எல்லாம் கூட்டினா, ரெண்டு முனைக்கும் எவ்வளவு உயர வித்தியாசமோ அதுதான் வரும். எந்த வழியால போனாலும் அப்படித்தான். அது முதலாவது தேற்றம். ஒரு வயலுக்கு விளிம்பு வரம்பு. வயலுக்குள்ள தண்ணி எங்கெங்க சுழிக்குதோ அதையெல்லாம் கூட்டினா, வரம்போட சேர்ந்து ஓடுற ஓட்டத்துக்குச் சரி. அது கிறீன்."

"ஸ்ரோக்ஸும் அப்படித்தானே எழுதியிருக்கு. பிறகு ஏன் ரெண்டு பேர்?"

"கிறீன் சமநிலம். ஸ்ரோக்ஸில நிலம் மேடு பள்ளமா இருக்கலாம். தட்டையா வைச்சா ஸ்ரோக்ஸ் கிறீனாப் போகும்."

"கடைசி ஆள்?"

"கௌஸ் வேற சாதி. அவர் விளிம்போட சேர்ந்து ஓடுறதைக் கேக்கிறேல்லை, விளிம்பைக் கடந்து போறதைக் கேக்கிறார். ஒரு குளத்தை எடும். அடியில எங்கெங்க ஊத்து இருக்கு எண்டு முங்கிப் பாக்கத் தேவையில்லை. எல்லாப் பக்கத்தாலயும் வெளியால போற தண்ணியை அளந்தாப் போதும், உள்ளுக்க ஊறுறது எவ்வளவு எண்டு தெரிஞ்சிடும்."

அவள் நின்றாள். அவர் அவள்மேல் முட்டிக்கொண்டார். "நல்ல கெட்டித்தனம்தான்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை.

சித்திரைக் கடைசியில் கட்டை அவிழ்த்தார்கள். வலது கண்ணில் வெள்ளை விழுந்துவிட்டது, வெளிச்சம் மட்டும் தெரிந்தது. இடது கண்ணில் உருவங்கள் தெரிந்தன, எழுத்துத் தெரியவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஆனையிறவு தாண்டியதும் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"உம்மட உருவம் தெரியுது. முகம் தெரியேல்லை" என்றார்.

"நான் நல்லா மெலிஞ்சு கறுத்துப் போனன். தெரியாமல் இருக்கிறது உங்களுக்கு நல்லதுதான்."

அவர் சிரிக்கவில்லை. கையை மட்டும் அவள் மடியில் வைத்தார். அந்தக் கை அங்கேயே கிடந்தது, கிளிநொச்சி வரும் வரைக்கும்.

பரீட்சைக்காரருக்கு அவள் சொல்லித்தான் கடிதம் போட்டார். சொல்லச் சொல்ல எழுத ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. மனைவியே எழுதலாம், ஆனால் எழுதுகிறவர் அந்தப் பாடம் தெரியாதவராக இருக்க வேண்டும், அதை மேற்பார்வையாளர் விசாரித்துத் திருப்திப்பட வேண்டும் என்றும் இருந்தது. "நீர் எட்டாம் வகுப்புத்தானே, பிரச்சினையில்லை" என்றார் மாஸ்ரர். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஒரு மாதம் அவர் சொல்ல அவள் எழுதிப் பழகினாள். ஆனி மாதம் யாழ்தேவி ரயிலில் பரீட்சைக்குக் கொழும்புக்குப் போனார்கள்.

மேற்பார்வையாளர் கழுத்துப்பட்டி கட்டிய, நரைத்த தமிழர். மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா எதுவரைக்கும் படிச்சனீங்கள்?"

"எட்டாம் வகுப்பு."

"கணிதம்?"

"கூட்டல், கழித்தல், வட்டிக் கணக்கு."

அவர் தலையாட்டிக்கொண்டு ஒரு படிவத்தை எடுத்தார். பிறகு, வழக்கத்துக்குக் கேட்கிற மாதிரி, பழைய வினாத்தாள் ஒன்றை அவள் முன்னே தள்ளினார். "இதில எழுதியிருக்கிறது ஏதாவது விளங்குதோ?"

மூன்று இழுத்த எஸ். முக்கோணம். சமன். இரண்டு எஸ். கௌஸ்தான். கூட்டத்துக்குள் தெரிந்த ஒரு முகத்தைக் கண்டதுபோல் அவளுக்கு அது சட்டென்று தெரிந்துவிட்டது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் கணவரைப் பார்த்தாள். அவர் முகத்தை வேண்டுமென்றே யன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தார். அவள் என்ன சொன்னாலும் அது அவளுடைய சொல்லாக இருக்கட்டும் என்று அவர் நினைத்தது அவளுக்கு விளங்கியது.

"விளங்குது" என்றாள்.

"என்ன விளங்குது?"

"உள்ளுக்க ஊறுறதெல்லாத்தையும் கூட்டினா, தோலைக் கடந்து வெளியால போறதுக்குச் சரி."

அந்த மனிதர் பேனையைக் கீழே வைத்தார். "இது எங்க படிச்சனீங்கள்?"

"வீட்டில. இவருக்கு வாசிச்சுக் காட்டேக்க."

அவர் படிவத்தை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். "நீங்கள் மறைச்சிருக்கலாம்" என்றார். பிறகு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா, நீங்கள் எழுதேலாது. நான் வேற ஆள் தாறன்" என்றார்.

பக்கத்துக் கந்தோரிலிருந்து தட்டெழுத்துக்காரி ஒருத்தியைக் கூட்டிவந்தார்கள். ஹாலிதா என்று பெயர், வவுனியாப் பக்கத்துப் பெண். இங்கிலீசு நன்றாகத் தெரியும், கணிதம் என்றால் பயம். கதவு மூடிக்கொண்டது. விமலேஸ்வரி விறாந்தை வாங்கில் உட்கார்ந்தாள். ஒரு மாதம் பழகிய கை மடியில் சும்மா கிடந்தது. ஒரு சொல்லால் அவருடைய பத்து வருடத்தைக் கெடுத்துவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டாள். அழவும் முடியவில்லை, போகிற வருகிற ஆட்கள்.

கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கால் அவருடைய குரல் கேட்டது. தணிந்த, பொறுமையான குரல்.

"எஸ் ஒண்டு எழுதும் பிள்ளை. மேலயும் கீழயும் பிடிச்சு இழுத்து விடும். நடு வயித்தில ஒரு வளையம். ஓம். இப்ப ஒரு முக்கோணம், கவிட்டு வையும், கூர் கீழுக்கு."

விமலேஸ்வரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் வைத்த பெயர்கள் ஒவ்வொன்றாக, அவள் இல்லாத அறைக்குள் வேலை செய்துகொண்டிருந்தன.

மூன்று மணித்தியாலம் கழிந்து ஹாலிதா மை பட்ட விரல்களோடு வெளியே வந்தாள். "அக்கா, சேர் நல்லா விளங்கப்படுத்தினார். நான் பயந்துகொண்டுதான் போனன். ஒண்டும் பிழைக்கேல்லை. குனிஞ்ச டி எண்டு பேர் வைச்சது ஆர்?"

"அது... நாங்கள் வீட்டில சும்மா சொல்லுறது" என்றாள் விமலேஸ்வரி.

தேத்தண்ணிக் கடையில் அவர் எதிரே உட்கார்ந்து, அவள் தானாகவே கேட்டாள். "உங்களுக்கு என்னில கோபமே?"

"முதல் பத்து நிமிசம் கோபம்தான். பொய் சொல்லக்கூடாது. அந்தப் பிள்ளைக்கு முதல் வரியை மூண்டு தரம் சொல்ல வேண்டி வந்தது. பிறகு யோசிச்சன். நீர் தெரியாது எண்டு சொல்லியிருந்தா, எனக்குப் பரீட்சை லேசா முடிஞ்சிருக்கும். ஆனா உமக்குத் தெரியும் எண்டதை நீரே இல்லையெண்டு சொன்ன மாதிரி இருந்திருக்கும். எனக்காக அதையும் விட்டுக்குடுத்துப்போட்டு வந்திருப்பீர்." தேநீரை ஊதினார். "நாலாவது கேள்வி தேற்றங்களைப் பற்றித்தான். வேற மாதிரிக் கேட்டிருந்தாங்கள். நீர் கலண்டர் தாளில எழுதின ஒழுங்கில சொன்னன்."

புரட்டாதியில் பெறுபேறு வந்தது. தபால்காரர் சைக்கிளை வாய்க்கால் கட்டில் சாய்த்துவிட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அவள்தான் உடைத்து வாசித்தாள். சித்தி, தேறிவிட்டார். மாஸ்ரர் "ஓம்" என்று மட்டும் சொன்னார், பிறகு எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

அன்று பின்னேரம் அவர் கேட்டார். "நான் உமக்கு என்ன செய்யவேணும்? வற்றாப்பளைக் கோயிலுக்குப் போவமோ? சேலை எடுப்பமோ?"

"ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. எஸ் குறையும் எண்டு கண்டுபிடிச்சது நான்தான். ஏன் குறையுது எண்டு இன்னும் தெரியேல்லை."

அவர் முகம் மலர்ந்தது. "ஒரு தாள் எடும். வயல் மாதிரி ஒரு பெரிய சதுரம் கீறி, உள்ளுக்க சின்னச் சின்னப் பாத்தியாப் பிரியும். ஒவ்வொரு பாத்தியையும் சுத்தி அம்புக்குறி போடும், பாத்தி உம்மட இடக்கைப் பக்கம் இருக்கிற மாதிரி."

அவள் பாயில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு கீறினாள். ஒரு பாத்தி, அடுத்த பாத்தி, அதற்கடுத்தது. நாலாவது பாத்தியில் கை நின்றது.

"நடு வரம்பில எல்லாம் ரெண்டு அம்பு வருது. ஒண்டு போகுது, ஒண்டு வருது."

"அப்ப?"

"ஒண்டையொண்டு அடிச்சுப்போடும்." அவள் அழிறப்பரை எடுத்து உள் வரம்புகளின் அம்புகளை ஒவ்வொன்றாக அழித்தாள். "மிச்சம் வெளி வரம்பு மட்டும்தான்."

"அதுதான் கிறீன்" என்றார் அவர். "உள்ளுக்க இருக்கிறதெல்லாம் கூட்டுப்பட்டு விளிம்பில வந்து நிக்குது."

தாள் சரசரக்கும் சத்தம் கேட்டது. அவர் மங்கல் கண்ணைச் சுருக்கி அந்தப் பக்கம் பார்த்தார், வெள்ளையாக ஏதோ அசைவது மட்டும் தெரிந்தது.

"என்ன செய்யிறீர்?"

"தாளை வளைச்சுப் பாக்கிறன். மேடு பள்ளமா வளைச்சாலும் நடு அம்புகள் அப்படியேதான் அழியும், என்ன? அப்ப ஸ்ரோக்ஸும் முடிஞ்சுது."

மாஸ்ரர் கதிரையிலிருந்து இறங்கி, சுவரைத் தடவி, பாயில் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வளைத்த தாளை அவள் அவர் கையில் கொடுத்தாள். அவர் அதன் விளிம்பை விரலால் மெல்லத் தடவிக்கொண்டே சுற்றி வந்தார்.

"கௌஸுக்குத் தாள் காணாது" என்றார். "அடுக்கிப் பாக்கப் பெட்டியள் வேணும். போய் நெருப்புப் பெட்டி இருக்கிறதெல்லாத்தையும் எடுத்துக்கொண்டு வாரும்."